கரண்ட் முதலில், கத்தி பிறகு: அப்பாவின் மலக்குடல் புற்றுநோய்க்கு ஏன் இந்த வரிசை?

கேட்டவர் தாராவியில் வசிக்கும் ஒரு தம்பி. அப்பாவுக்கு 54 வயது. தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. எட்டு மாதமாக மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று சொல்லிக் களிம்பும் மாத்திரையும் கொடுத்து வந்திருக்கிறார்கள். இப்போது மலக்குடலில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. கட்டி ஆசனவாயிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதலில் ஐந்து நாள் கதிர்வீச்சு (பேச்சுவழக்கில் 'கரண்ட் வைப்பது'), அடுத்து நான்கு மாதம் கீமோ, அதன் பிறகே ஆபரேஷன் என்கிறார்கள் மருத்துவர்கள். கூடவே, இரண்டு வகைக் கீமோவை ஒப்பிடும் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு ஒரு கற்றைத் தாள்களைக் கொடுத்திருக்கிறார்கள். திருநெல்வேலியில் இருக்கும் மாமாவோ, "கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு ஆறு மாதம் இழுத்தடிக்கிறார்கள், அப்பாவைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள், உடனே அறுத்து எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போ" என்கிறார். யார் சொல்வது சரி? மலம் வெளியேற வயிற்றில் பை வைத்தால் அது வாழ்நாள் முழுக்க இருக்குமா?

தம்பி, நான் செவிலியர். 21 ஆண்டுகளாக மும்பையில் வேலை. முதல் பத்து ஆண்டு ஆபரேஷன் தியேட்டரில், குடல் அறுவைச் சிகிச்சைப் பிரிவில். அதற்குப் பிறகு ஆய்வு ஒருங்கிணைப்பாளர்; உங்கள் கையில் கொடுத்தார்களே, அந்தத் தாள்களை நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வதுதான் என் வேலை. உங்கள் கேள்வி இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கமான இடத்தைத் தொடுகிறது.

மாமாவின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாமதம் நடந்திருக்கிறது. ஆனால் அது இனி வரப்போகும் ஆறு மாதத்தில் இல்லை. கடந்துபோன எட்டு மாதத்தில் நடந்து முடிந்துவிட்டது. மலத்தில் ரத்தம் என்று வருகிற 54 வயதுக்காரருக்குக் கையுறை போட்ட விரலால் ஆசனவாயைச் சோதித்துப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. நான்கைந்து சென்டிமீட்டரில் இருக்கும் கட்டி விரலுக்கு எட்டும். அந்த இரண்டு நிமிடத்தை யாரும் செலவழிக்கவில்லை. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. இந்த நோய் முதியவர்களுக்கு வருவது என்ற எண்ணம் வேறு இங்கே வேரோடிக் கிடக்கிறது. பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனை, ஓராண்டில் தங்களிடம் வந்த 800 பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரையில் சராசரி வயது ஏறக்குறைய 47. ரத்தம் வந்தால் களிம்பு என்று கைவிட்டுவிட முடியாத வயது அது.

இனி ஆபரேஷனுக்கு வருகிறேன். அதைப் புரிந்துகொண்டால்தான் கரண்ட் வைப்பது ஏன் முதலில் என்பது புரியும்.

மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புப் பொதி இருக்கிறது. அந்தக் குடலின் ரத்தக் குழாய்களும் நிணநீர்க் கணுக்களும் அதற்குள்தான் ஓடுகின்றன. பொதியின் மேல் வெங்காயத்தின் உள்தோல் போல மெல்லிய உறை. புற்றுநோய் குடலின் சுவரைத் தாண்டினால் முதலில் இந்தப் பொதிக்குள்தான் கசியும். முன்பெல்லாம் இடுப்புக் குழிக்குள் கையை விட்டுக் குடலைப் பிரித்து எடுப்பார்கள். உறை கிழியும், பொதியில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். அதே இடத்தில் நோய் திரும்ப வரும். 1982 இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் ஊரைச் சேர்ந்த பில் ஹீல்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், உறையைக் கிழிக்காமல், கண்ணால் பார்த்துக்கொண்டே கூரான கருவியால் அதன் வெளிப்பக்கமாகப் பிரித்து, பொதியை முழுசாக எடுத்தால் நோய் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்று எழுதினார். இன்று உலகம் முழுக்க மலக்குடல் ஆபரேஷன் என்றால் இந்த முறைதான்.

எடுத்த பொதியைத் தட்டில் வாங்குவது பத்து ஆண்டு என் கை வேலையாக இருந்தது. சரியாக எடுத்ததை ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்: மேற்பரப்பு எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று மின்னும், எங்கும் பள்ளம் இருக்காது. பிறகு அது நோய்க்கூறு ஆய்வகத்துக்குப் போகும். அங்கே பொதியின் வெளிப்புறம் முழுக்க மை தடவுவார்கள். ஊறவைத்து, ரொட்டியை வெட்டுவதுபோல் குறுக்காக மெல்லிய துண்டுகள் போடுவார்கள். கட்டியின் விளிம்புக்கும் மைக் கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று நுண்ணோக்கியில் அளப்பார்கள். அந்த இடைவெளி 1 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால், நோய் திரும்பும் ஆபத்து கூடிவிட்டது என்று பொருள். ஒருமுறை இடுப்புக் குழிக்குள் நோய் திரும்பிவிட்டால், அடுத்த ஆபரேஷன் முதல் ஆபரேஷனைப் போல இருக்காது. எல்லாம் ஒட்டிப்போயிருக்கும், மூத்திரப்பையையும் சேர்த்து எடுக்க வேண்டி வரலாம், எடுக்கவே முடியாமலும் போகலாம். அந்த வலியை வார்டில் பார்த்தவர்களுக்கு, "உடனே அறுத்து எடு" என்ற சொல் துணிச்சலாகத் தெரியாது.

உங்கள் அப்பாவின் எம்.ஆர்.ஐ. அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அந்த 1 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்குமா கிடைக்காதா என்பதைக் கத்தி வைக்கும் முன்பே ஊகித்துச் சொல்வதுதான் அந்த ஸ்கேனின் முக்கிய வேலை. "சி.ஆர்.எம்." என்று ஒரு வரி இருக்கும், பொதியின் வெளிவிளிம்பைக் குறிப்பது. கட்டி அந்த விளிம்பை நெருங்கியிருந்தால், முதலில் கட்டியைச் சுருக்கி விளிம்பிலிருந்து விலக்க வேண்டும். அதற்குத்தான் கதிர்வீச்சு.

இது யாரோ ஒருவரின் யோசனையில் உதித்தது என்று நினைக்க வேண்டாம். ஸ்வீடனில் 1,168 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன் மட்டும், இன்னொரு பிரிவுக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு கொடுத்துவிட்டு ஆபரேஷன் என்று செய்து பார்த்தார்கள். 1997 இல் முடிவு வெளியானது. அதே இடத்தில் நோய் திரும்புவது 27 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தது. ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் 48 சதவீதத்திலிருந்து 58 ஆக உயர்ந்தார்கள். ஹீல்ட் முறையில் நன்றாக ஆபரேஷன் செய்தாலும் கதிர்வீச்சு தேவையா என்ற கேள்வி உடனே எழுந்தது. நெதர்லாந்தில் 1,861 பேரிடம் அதையும் பார்த்தார்கள். 2001 இல் வந்த விடை: இரண்டாண்டில் அதே இடத்தில் திரும்பியது கதிர்வீச்சு இல்லாதவர்களுக்கு 8.2 சதவீதம், கொடுக்கப்பட்டவர்களுக்கு 2.4. ஜெர்மானியர்கள் 2004 இல் வேறொன்றைச் சொன்னார்கள்: கதிர்வீச்சும் கீமோவும் எப்படியும் தேவைப்படுகிறவருக்கு அதை ஆபரேஷனுக்குப் பின்னால் கொடுப்பதைவிட முன்னால் கொடுப்பதே நல்லது, ஐந்தாண்டில் அதே இடத்தில் திரும்பியது பின்னால் கொடுத்தபோது 13 சதவீதம், முன்னால் கொடுத்தபோது 6. ஐந்து நாள், நாளுக்கு 5 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று உங்கள் அப்பாவுக்குச் சொல்லப்பட்ட கணக்கு இந்த ஸ்வீடன், நெதர்லாந்து நோயாளிகளிடமிருந்து நேராக வந்து சேர்ந்தது.

அடுத்து, கீமோ ஏன் ஆபரேஷனுக்கு முன்பு? இடுப்புக்குள் நோய் திரும்புவதை அடக்கிய பிறகும், கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவி நோயாளிகள் இறந்துகொண்டிருந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ கொடுத்தால் பாதிப் பேர் உடல் தளர்ந்து முழுதாக வாங்கிக்கொள்ள முடிவதில்லை. அதனால் கீமோவை முன்னுக்கு நகர்த்திப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் நடந்த 'ராப்பிடோ' ஆய்வில், உங்கள் அப்பாவுக்குச் சொன்ன அதே வரிசைதான்: ஐந்து நாள் கதிர்வீச்சு, கீமோ, பிறகு ஆபரேஷன். மூன்றாண்டில் வேறு உறுப்புகளுக்குப் பரவியது பழைய முறையில் (ஐந்து வாரத்துக்கு மேல் நீளும் கதிர்வீச்சு, பிறகு ஆபரேஷன்) 26.8 சதவீதம், புதிய வரிசையில் 20. எடுத்த குடலில் ஒரு புற்றணுகூட மிச்சமில்லாமல் இருந்தவர்கள் 14 சதவீதத்திலிருந்து 28 ஆக, இரு மடங்கானார்கள்.

ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அதே ஆய்வின் ஐந்தாண்டுக் கணக்கு வெளியானபோது, இடுப்புக்குள் நோய் திரும்பியது புதிய வரிசையில் 10 சதவீதமாகவும் பழைய முறையில் 6 சதவீதமாகவும் இருந்தது. ஆகையால் மருத்துவரிடம், "அப்பாவுக்கு ஐந்து நாள் கதிர்வீச்சா, ஐந்து வாரத்துக்கு மேல் நீளும் கதிர்வீச்சா, எது பொருத்தம், ஏன்?" என்று கேளுங்கள். கட்டியின் உயரத்தையும் விளிம்பையும் பார்த்து அவர் பதில் சொல்வார். நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியை வரவேற்பார்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. கரண்டும் கீமோவும் முடிந்த பிறகு சிலருக்குக் கட்டி முழுதாகக் கரைந்துபோகிறது. விரலுக்கும் தட்டுப்படாது, கேமரா குழாயில் பார்த்தால் வெளிறிய ஒரு தழும்பு மட்டும் இருக்கும். பிரேசிலின் சாவோ பாலோ நகரத்து அறுவைச் சிகிச்சையாளர் ஆஞ்சலிடா ஹாப்ர்-காமா, இப்படிப்பட்டவர்களை அறுக்காமல் நெருங்கிக் கண்காணித்து, 2004 இல் அந்த அனுபவத்தை வெளியிட்டார். கத்தி பிடித்தவரே கத்தியைக் கீழே வைக்கச் சொன்னதால் அப்போது பலரும் அவரை நம்பவில்லை. இப்போது பெரிய மையங்கள் பலவும் இதைச் செய்கின்றன. அமெரிக்காவில் 324 பேரிடம் நடந்த 'ஓப்ரா' ஆய்வில், கதிர்வீச்சை முதலிலும் கீமோவைப் பிறகும் வாங்கிக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு மூன்றாண்டு ஆகியும் ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆனால் கண்காணிப்பு என்றால் உண்மையிலேயே கண்காணிப்பு. முற்றிலும் கரைந்த 880 பேரின் உலகளாவிய பதிவேட்டைப் பார்த்தால், நான்கில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுக்குள் கட்டி மீண்டும் முளைத்திருக்கிறது. பெரும்பாலும் குடல் சுவரிலேயே, எனவே அப்போது ஆபரேஷன் செய்ய முடிந்திருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து சோதித்துக்கொள்ள முடியாதவருக்கு இந்த வழி ஆபத்து. தாராவியிலிருந்து வருகிறவருக்குத் தூரம் ஒரு தடையில்லை. பட்டறையில் விடுப்பு கிடைக்குமா என்பதை இப்போதே யோசியுங்கள்.

இன்னொன்று, இதை இன்றே கேளுங்கள்: பயாப்ஸி எடுத்த துண்டில் எம்.எம்.ஆர். சோதனை செய்தார்களா? ஆய்வகத்தில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் அதே துண்டிலிருந்து சீவல் எடுத்து, உயிரணுவின் மரபுப் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். மலக்குடல் புற்றுநோயாளிகளில் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு அவற்றில் ஏதோ ஒன்று காணாமல் போயிருக்கும். அவர்களுக்குப் பாதையே வேறு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை, அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு டோஸ்டார்லிமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்தை ஆறு மாதம் கொடுத்தது. 2022 இல் முதல் 12 பேரின் முடிவு வந்தபோது, 12 பேருக்கும் கட்டி மறைந்திருந்தது. கரண்டும் இல்லை, கத்தியும் இல்லை. அந்த வகை மருந்துகளின் விலை மலைக்க வைக்கும், அது தனிப் போராட்டம். ஆனால் சோதனை செய்யாமலே அந்தக் கதவை மூடிவிடக் கூடாது. அதில் குறை தெரிந்தால் குடும்பத்தில் பரம்பரையாக வருகிற வகையா என்றும் பார்ப்பார்கள், அது உங்களையும் உங்கள் தங்கை தம்பிகளையும் தொடும் விஷயம். அப்படி இல்லாவிட்டாலும், அப்பாவுக்கு 60 வயதுக்குள் வந்திருப்பதால் நீங்கள் 40 வயதில் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலைக் கேமரா குழாயால் பார்ப்பது) செய்துகொள்ள வேண்டும்.

இனி அந்தத் தாள்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆன்டாப் ஹில்லிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இந்தி பேசுவார், மராத்தி பேசுவார். படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். அவர் மகன் இந்திப் படிவத்தை வாங்கிக் கையெழுத்துக்கு நீட்டிவிட்டார். நான் நிறுத்தி, தமிழ்ப் படிவத்தை எடுத்து வந்து வரிவரியாக வாசித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. எந்தப் பிரிவு என்பதைக் கணினி தீர்மானிக்கும், நீங்களோ மருத்துவரோ தேர்ந்தெடுக்க முடியாது என்ற இடம் வந்ததும், குலுக்கல் சீட்டில் பெயர் எடுப்பதுபோலத்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எது நல்ல மருந்து என்று டாக்டருக்கே தெரியாதா என்றார். அதைவிட நல்ல கேள்வி ஒன்றை நான் இந்த வேலையில் கேட்டதில்லை. தெரியாது என்பதுதான் உண்மை; தெரிந்திருந்தால் குலுக்கிப் போடுவது பாவம். இரண்டுமே தகுந்த சிகிச்சை என்று நிபுணர்கள் நினைக்கும் இடத்தில்தான் இப்படி ஒப்பிட அனுமதி உண்டு. கடைசியில் அவர் சேரவில்லை. மனசு ஒப்பவில்லை என்றார். அவருக்கு அதே மருத்துவர்கள், அதே வரிசையில், வழக்கமான சிகிச்சையைக் கொடுத்தார்கள். நானே ஒவ்வொரு முறையும் அவர் ஃபைலை எடுத்துக் கொடுத்தேன்.

மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். எலிக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லை, பாதியில் எழுந்து போகவும் முடியாது. உங்கள் அப்பாவுக்கு இரண்டும் உண்டு. நான் மேலே சொன்ன எண்கள் எல்லாம் இப்படிக் கையெழுத்துப் போட்ட மனிதர்களிடமிருந்து வந்தவை. நம் நாட்டிலும் நடக்கிறது: டாட்டா நினைவு மருத்துவமனை தலைமையில் 1,600 மார்பகப் புற்றுநோயாளிப் பெண்களிடம், ஆபரேஷனுக்குச் சில நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி, மலிவான, மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிடோகெய்ன் ஊசி போட்டுப் பார்த்தார்கள். 2023 இல் முடிவு வந்தது. ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 ஆனார்கள். எந்த மருந்துக் கம்பெனிக்கும் இதில் பெரிய லாபம் கிடையாது. இப்படிப்பட்ட கேள்வியை நம் மருத்துவமனைகள் கேட்கவில்லை என்றால் வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. தமிழ்ப் படிவம் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாவையே படிக்கச் சொல்லுங்கள், கையெழுத்து அவருடையது. ஆய்வு சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பதிவெண்ணைக் கேளுங்கள். 2009 முதல் அது கட்டாயம், இணையத்தில் யாரும் பார்க்கலாம். கூடுதல் ரத்தச் சோதனைக்கும் ஸ்கேனுக்கும் யார் பணம் தருவது, கூடுதலாக எத்தனை நாள் வர வேண்டும், ஆய்வினால் உடலுக்குக் கேடு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று கேளுங்கள். ஆய்வுக்கு அனுமதி தந்து கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் தாளில் இருக்க வேண்டும். இவற்றில் எதற்காவது மழுப்பல் பதில் வந்தால் சேர வேண்டாம். நேரான பதில் வந்தால், என் அப்பாவாக இருந்தால் நான் சேரச் சொல்வேன். ஆய்வில் இருப்பவரின் ஃபைலை மாதந்தோறும் ஒருவர் வரிவிடாமல் பார்க்கிறார். தேதி தவறினால் வீட்டுக்குப் போன் வருகிறது. கூட்டம் நெரியும் மருத்துவமனையில் அதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

கீமோவில் பெரும்பாலும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து இருக்கும். ஏற்றிய சில நாள்களுக்குக் குளிர்ந்த நீர் தொண்டையைப் பிடிக்கும், ஃபிரிட்ஜைத் தொட்டாலே விரல் சுரீரென்று இழுக்கும், அது போய்விடும். ஆனால் போகப் போக விரல் நுனி மரத்துப்போவது சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. உங்கள் அப்பா ஊசி பிடித்துத் தோல் தைக்கிறவர். இதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். சட்டைப் பொத்தான் போடச் சிரமம் என்று தோன்றும் அன்றே சொன்னால் அளவைக் குறைப்பார்கள், நிறுத்தவும் செய்வார்கள். பலர் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைக்கிறார்கள். அப்பாவை மறைக்க விடாதீர்கள். பணத்துக்கு, ரேஷன் அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் பூலே மருத்துவ உதவித் திட்டத்தில் எது கிடைக்கும் என்று அவர் சொல்வார்.

பை விஷயம். கட்டி ஆசனவாயை இறுக்கி மூடும் தசையைத் தொடாமல் இருந்து, கீழே குடலை இணைக்க முடிந்தால், இணைத்த இடம் ஆறும்வரை வலப்பக்கம் சிறுகுடலை வெளியே எடுத்துத் தற்காலிகமாகப் பை வைப்பார்கள். சில மாதத்தில் மூடிவிடுவார்கள். தசையை நோய் பிடித்திருந்தால் இடப்பக்கம் நிரந்தரப் பை. முதல் வகையே எப்போதும் மேல் என்று நினைத்துவிடாதீர்கள். தாழ்வாக இணைத்த குடல் பழையபடி மலத்தைத் தேக்கி வைக்காது. நாளைக்கு ஏழெட்டு முறை ஓட வேண்டியிருக்கலாம், அடக்கவும் முடியாது. பட்டறையில் பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை இருக்கும் இடத்தில் அது எவ்வளவு பெரிய துன்பம் என்று உங்களுக்கே தெரியும். நிரந்தரப் பையோடு பழையபடி தையல் வேலைக்குத் திரும்பிய நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரை அப்பாவோடு பேச வைக்கச் சொல்லி பை வைத்தவர்களைக் கவனிக்கும் ஸ்டோமா செவிலியரிடம் கேளுங்கள். நூறு விளக்கத்தைவிட அது உதவும்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் அந்தச் செவிலியர் வந்து, பை எங்கே வர வேண்டும் என்று வயிற்றில் பேனாவால் புள்ளி வைப்பார். படுக்கவைத்து மட்டும் குறித்தால் போதாது. உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்க்க வேண்டும். வயிற்று மடிப்பிலும் தொப்புளிலும் பழைய தழும்பிலும் புள்ளி வரக் கூடாது, அப்பாவின் கண்ணுக்குத் தெரியும் இடமாக இருக்க வேண்டும். தையல் மேசையில் குனிந்து உட்காரும் அதே மாதிரி உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள். மருத்துவமனைப் பைஜாமாவில் குறித்த புள்ளி, வீட்டுக்குப் போய் இடுப்பில் சாரத்தை (லுங்கியை) இறுக்கிக் கட்டியதும் சரியாக முடிச்சுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அப்பா வழக்கமாகக் கட்டும் சாரத்தையே கொண்டு போங்கள். கட்டிக்கொண்டு நிற்கட்டும், அதற்குப் பிறகு புள்ளி வைக்கட்டும்.